கார் தளத்தில் கோளாறா? அது எந்த நாளில் தெரிந்தது என்று முதலில் சொல்லுங்கள்

கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை கான்கிரீட் போட்டாயிற்று. போட்ட அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போது எங்கோ ஒரு கோடு, எங்கோ ஒரு குழி, நடந்தால் காலில் ஒட்டும் மாவு. பலரும் உடனே சிமெண்ட் பாலைக் கரைத்துக் கோட்டின் மேல் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றினால் கோடு மறையும், காரணமும் சேர்ந்து மறையும். நாலு வாரத்தில் அதே இடத்தில் கோடு திரும்பி வரும். பக்கத்தில் பாலின் வெள்ளைத் திட்டு வேறு.

ஒட்டு போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எப்போது தெரிந்தது? எந்த இடத்தில், எந்தத் திசையில் போகிறது? சின்னச் சுத்தியலால் தட்டினால் என்ன சத்தம் வருகிறது? இவற்றில் முதல் கேள்விதான் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். கான்கிரீட்டின் நோய்கள் வயதுக்கு ஏற்றபடிதான் வரும். போட்ட சில மணி நேரத்தில் வருவதற்குக் காற்றும் வெயிலும் காரணம். சில வாரங்களில் வருவதற்கு அது சுருங்குவது காரணம். மழைக்காலம் கழித்து வந்தால் மேலே தேடாதீர்கள், கீழே மண்ணைப் பாருங்கள்.

போட்ட அன்றே கோடுகள்

காலையில் போட்டு மதியத்துக்குள் கோடுகள் தெரிந்தால், ஒன்றுக்கொன்று இணையாக, சற்றுச் சாய்வாக, ஓரம் வரை போய்ச் சேராமல் நடுவிலேயே நின்றிருந்தால், மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரக் கான்கிரீட்டில் ஜல்லியும் சிமெண்டும் கீழே அமர அமர, கொஞ்சம் தண்ணீர் மேலே கசிந்து வரும். அந்தக் கசிவை விட வேகமாக ஆவியானால் மேல்தோல் இழுபட்டுக் கிழிகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானாலே ஆபத்து என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதில் வெயிலை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். மேகமூட்டமான நாளிலும் வறண்ட காற்று அடித்தால் இதே கதிதான்.

கான்கிரீட் இன்னும் விரலுக்கு அமுங்குகிறதா? அப்படியானால் இன்னும் கை நழுவவில்லை. மணியாசுக் கட்டையால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துக் கோட்டை மூடிவிட்டு, உடனே பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். தாள் பறக்காமல் ஓரங்களில் கட்டை வையுங்கள். தேய்ப்பதற்குச் சுலபமாக இருக்கும் என்று தண்ணீர் தெளிப்பவர்களை மட்டும் தடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் விரிசலை மூடாது, மேல்தோலைப் பலவீனமாக்கும்.

இறுகிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கோடுகள் பெரும்பாலும் பாரத்தைத் தாங்கும் திறனைப் பாதிப்பதில்லை. அகலமானவற்றில் மட்டும், தளம் நன்றாகக் காய்ந்தபின், இளகி ஓடும் எபாக்சியை (இறுகிப் பிடிக்கும் ஒட்டுப் பசை) ஊற்றினால் போதும்.

இதே வயதில் வரும் இன்னொரு வகை உண்டு. கோடுகள் சாய்வாக இல்லாமல் கட்டம் கட்டமாக, கீழே கட்டிய கம்பியின் மேலேயே போனால், கலவையில் தண்ணீர் அதிகம், கம்பிக்கு மேல் கான்கிரீட் குறைவு. கலவை கீழே அமரும்போது கம்பி குறுக்கே தடுக்கிறது. அதன் இரு பக்கமும் இறங்கி, கம்பியின் தலைக்கு மேல் பிளக்கிறது. முதல் வகையை விட இதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். தண்ணீர் நேராகக் கம்பிக்கே போய்ச் சேர வழி திறந்துவிட்டது. எபாக்சியால் அடைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனிமேல்தான் போடப் போகிறீர்கள் என்றால்: கீழ்த் தரையை முன்கூட்டியே நனைத்துவிடுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. அதிகாலையில் தொடங்குங்கள். போர்த்தும் தாள், சாக்கு எல்லாம் கலவை வருவதற்கு முன்பே அந்த இடத்தில் இருக்கட்டும். கோடு தெரிந்த பிறகு தாள் வாங்க ஓடுவதால் பயனில்லை.

நனைந்து காயும்போது மட்டும் தெரியும் சிலந்தி வலை

மெல்லிய கோடுகள், சின்னச் சின்ன அறுகோணங்கள், மழை பெய்து காயும் நேரத்தில் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆழம் பெரும்பாலும் 3 மி.மீ-க்குள்தான். ஈரம் மேலே நிற்கும்போதே கரணையால் மழமழவென்று இழுத்தது, அல்லது ஈரத்தை உறிஞ்ச உலர் சிமெண்டைத் தூவியது, இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். கண்ணை உறுத்தினால் நீர்விலக்கும் சீலர் ஒரு கை பூசலாம்.

காலில் மாவு ஒட்டுகிறது

ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் பரவாயில்லை. பொடி உதிர்ந்து பள்ளம் விழுந்தால் மேல்தோல் வலுவில்லாமல் போய்விட்டது. இதற்கு ஒரு காரணம் கசிவுத் தண்ணீரை உள்ளேயே தேய்த்துப் பூட்டியது. இன்னொன்று நீராற்றாமல், அதாவது முதல் நாட்களில் தளத்தை ஈரமாக வைக்காமல் விட்டது. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தும் நடக்கிறது: கலவை இறுக்கமாக இருக்கிறதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியது.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். 50 கிலோ சிமெண்டுக்கு 22 முதல் 25 லிட்டர் தண்ணீர் போதும். ஈர மணல் கொண்டுவரும் தண்ணீரும் இதற்குள் அடக்கம். ஒரு கனமீட்டர் கலவைக்குக் கூடுதலாக வெறும் 5 லிட்டர் ஊற்றினாலே வலிமை ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் குறைகிறது. வேலையாள் ஊற்றுவது 5 லிட்டரோடு நிற்காது. கலவை இளகலாக வேண்டுமென்றால் அதற்கென்றே பிளாஸ்டிசைசர் இருக்கிறது; தண்ணீரைக் கூட்டாமலே இளக்கும். ரெடிமிக்ஸ் வண்டியில் வந்தால், வண்டி நின்றபின் குழாயை உள்ளே விடுகிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். அன்றைய நாளில் வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிக உபயோகமான மேற்பார்வை அதுதான்.

மாவு உதிரும் தளத்துக்கு மருந்து சிலிக்கேட் திரவம். சோடியமோ லித்தியமோ கலந்தது, ‘ஹார்டனர்’ என்று கேட்டால் தருவார்கள். தளத்திலிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து மேல்தோலை இறுக்கும். முதலில் உதிரும் மாவு முழுவதையும் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். மாவின் மேலேயே அடித்தால் மாவுதான் இறுகும். கீறினால் பள்ளம் 2, 3 மி.மீ-க்கு மேல் போகிறதென்றால் திரவம் பத்தாது, இயந்திரம் வைத்துத் தேய்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

தட்டினால் பொத்தென்ற சத்தம், மேல்தோல் ஏடு ஏடாகப் பெயர்கிறது

மேலே கரணையால் அவசரமாக மூடியதால் உள்ளிருந்த காற்றும் தண்ணீரும் வெளியேற வழியில்லாமல், தோலுக்குக் கீழே ஒரு தனிப் படலமாகத் தங்கிவிட்டன. நடைபாதையாக இருந்தால் சில காலம் ஓடும், டயர் ஏறினால் உரிந்துவிடும். சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கே சாக்கட்டியால் எல்லை வரைந்து, அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப் போடுங்கள். முறை கடைசியில் வருகிறது.

உறைபனி விழும் ஊர்களில் இதே தோற்றம் வேறு காரணத்தால் வரும். துளைகளில் புகுந்த தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து தோலைத் தள்ளுகிறது. பனி கரைக்க உப்புத் தூவினால் இன்னும் மோசம். அங்கே போடும் கலவையில் நுண்காற்றுக் குமிழிகளை உண்டாக்கும் சேர்மானம் கட்டாயம் வேண்டும். பின்னால் சேர்க்க முடியாத பொருள் அது.

சில வாரங்கள், சில மாதங்களில் குறுக்கே ஒரு நீள விரிசல்

இதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. கான்கிரீட் காயக் காயச் சுருங்கும், மீட்டருக்கு ஏறத்தாழ அரை மி.மீ. 6 மீட்டர் நீளத் தளம் 3 மி.மீ சுருங்கப் பார்க்கும். கீழே தரை பிடித்துக்கொண்டிருப்பதால் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே இந்த விரிசல் எங்கே விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. நாம் ஒரு நேர்கோட்டை வெட்டிக் கொடுத்தால் அதன் அடியில், கண்ணில் படாமல் விழும். வெட்டாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்.

வெட்டுகளுக்கு இடையே தளத்தின் தடிமனைப் போல் 24 முதல் 30 மடங்குதான் இருக்கலாம். 100 மி.மீ தளத்துக்கு 2.4 முதல் 3 மீட்டர். ஒவ்வொரு கட்டமும் சதுரத்துக்குப் பக்கமாக இருக்கட்டும். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நடுவில் ஒடியும். வெட்டின் ஆழம் தடிமனில் நாலில் ஒரு பங்கு. அதாவது 100 மி.மீ-க்கு 25. அழகுக்காக 5 மி.மீ கீறிவிட்டு ‘ஜாயின்ட் போட்டாச்சு’ என்று போகிறவர்கள் நிறைய. அது கோலம்தான், ஜாயின்ட் அல்ல. விரிசல் அதை மதிக்காது.

வெட்டு சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் விரிசல் அதற்குப் பக்கத்திலேயே விழுந்திருக்கிறதா? வெட்ட வந்தவர் தாமதமாக வந்திருக்கிறார். வெப்பமான நாளில் 4 மணி நேரத்திலேயே கட்டர் ஓட்ட வேண்டியிருக்கும், குளிர் நாளில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஜல்லி பெயராமல் ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டால் அதுதான் நேரம். ‘நாளைக்குக் காலையில் வந்து வெட்டிக்கொள்கிறேன்’ என்றால், இரவே தளம் தானாகப் பிளந்துகொள்ளும். கட்டருக்குத் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், மூக்குக்கும் வாய்க்கும் முகக்கவசம் வேண்டும்; அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு.

விழுந்துவிட்ட விரிசலுக்கு என்ன செய்வது? குறுக்கே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இடைவெளியை அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே அளவென்றால் அது தூங்கிவிட்டது. 0.3 மி.மீ-க்குக் கீழே என்றால் தொடவே வேண்டாம். அகலமாக இருந்து அசையாமல் இருந்தால் எபாக்சி. வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடுகிறதென்றால் எபாக்சி கூடாது. அது இறுக ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் புது விரிசலை உண்டாக்கும். விரிசலைச் சற்று அகலப்படுத்தி, உள்ளே நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட் இழுங்கள். சீலன்ட் இரு சுவர்களில் மட்டும்தான் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. கயிறு இருப்பது அதற்காகத்தான்.

கம்பி போட்டால் விரிசலே வராது என்று நம்புகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பி விரிசலைத் தடுப்பதில்லை; விழுந்த விரிசல் வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்கிறது. அதுவும் கம்பி தளத்தின் மேல் பாதியில் இருந்தால்தான். தரையில் விரித்துவிட்டு, ‘ஊற்றும்போது தூக்கிவிடுவோம்’ என்று சொல்வார்கள். தூக்குவார்கள், பிறகு அதன் மேலேயே நடப்பார்கள், கம்பி திரும்பத் தரைக்கே போய்விடும். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை) வைத்து உயர்த்திக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

சுவர் மூலை, தூண், மூடிச் சட்டத்திலிருந்து கிளம்பும் சாய்ந்த விரிசல்

தளத்துக்கும் அசையாத பொருளுக்கும் இடையே இடைவெளி விடவில்லை. வீட்டுச் சுவர், தூண், சாக்கடை மூடி, எதுவானாலும் சுற்றிலும் 10, 12 மி.மீ தடிமனில் அமுங்கும் பலகையோ நுரைப்பட்டையோ முழு ஆழத்துக்கும் வைத்திருக்க வேண்டும். இப்போது செய்யக்கூடியது, கட்டரால் அந்த இடைவெளியை வெட்டி உண்டாக்கி, சீலன்டால் மூடுவது. விரிசல் போகாது, ஆனால் வளர்வது நிற்கும்.

ஒரு பக்கம் இறங்கிவிட்டது

விரிசலின் ஒரு கரை மேலே, ஒரு கரை கீழே என்றால், கோளாறு தரையில் இருக்கிறது. ஒரு மட்டக்கட்டையைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும்.

என் வீட்டிலேயே இது நடந்தது. தளம் போடுவதற்குச் சில மாதம் முன்னால் தண்ணீர்க் குழாய்க்காகக் குறுக்கே பள்ளம் தோண்டி மூடியிருந்தோம். மண்ணைத் தள்ளி, மேலே காலால் மிதித்து, தண்ணீர் விட்டோம். கெட்டியாகத்தான் தெரிந்தது. முதல் பெருமழை போனதும் அந்தப் பள்ளம் சென்ற வழியிலேயே, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல, தளம் ஒரு விரற்கடை அமர்ந்தது. கொத்தனார் மேல் கோபப்பட்டேன். அவர் கான்கிரீட்டில் குறையே இல்லை. பள்ளத்தை மூடியது நான்.

நிரப்பும் மண்ணை 150 மி.மீ அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் மிதமான ஈரத்தில் திமிசு (மண்ணை இடிக்கும் கட்டை) போட்டோ இயந்திரத்தாலோ இறுக்க வேண்டும். ஒரே தடவையில் இரண்டடி கொட்டி மேலே எவ்வளவு இடித்தாலும் கீழே எட்டாது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி மண்ணை உருண்டை பிடியுங்கள். உருண்டை நின்று, விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. தூளானால் தண்ணீர் போதவில்லை, விரலில் பிசுபிசுத்தால் அதிகம். அதன் மேல் 100 முதல் 150 மி.மீ கிராவலோ உடைகல்லோ இறுக்கிப் போட்டபின்தான் கான்கிரீட்.

கரிசல்போல, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் மண் என்றால் நிலைமை வேறு. அங்கே தளம் இறங்குவதும் உண்டு, மேலே எழும்புவதும் உண்டு. மழைக்கு ஒரு மாதிரி, கோடைக்கு ஒரு மாதிரி உயரம் மாறினால் மண்ணின் வேலைதான். மேல் மண்ணை வெட்டியெடுத்து உப்பாத மண் நிரப்புவதும், தளத்தின் ஓரத்தில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதும்தான் தீர்வு. மரம் அருகே ஓரிடம் மட்டும் எழும்பினால் வேரைச் சந்தேகியுங்கள்.

இறங்கிய தளத்தின் மேல் கலவை ஊற்றி மட்டம் செய்வது பாரத்தைக் கூட்டும், மண் இன்னும் அமரும். தளம் உடையாமல் முழுசாக இருந்தால் துளையிட்டு அடியில் சிமெண்ட் கூழையோ விரியும் பாலியூரித்தேன் நுரையையோ செலுத்தித் தூக்கலாம். அதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்து மண்ணை அரித்தது என்று கண்டுபிடியுங்கள். ஒழுகும் குழாயோ, மாடித் தண்ணீர் விழும் குழாய் வாயோ அங்கே இருந்தால் தூக்கிய தளம் மறுபடி இறங்கும்.

மூலை உடைகிறது, ஓரம் நொறுங்குகிறது

டயர் எப்போதும் ஏறுவது ஓரத்தில்தான், தளம் மிகவும் மெலிந்திருப்பதும் அங்கேதான். உடைந்த துண்டை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 100 மி.மீ என்று சொல்லி 70 இருக்கும். வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-ஐ 125 ஆக்கினால் கால் பங்குதான் கூடுதல் கலவை, தாங்கும் திறனோ ஒன்றரை மடங்கு. கார் மட்டும் வருமென்றால் 100 போதும். தண்ணீர் லாரியோ கழிவுநீர் வண்டியோ ஏறுமென்றால் 150-க்குக் குறைக்காதீர்கள். தெருவைத் தொடும் ஓரத்தை எப்போதும் கொஞ்சம் தடித்துப் போடுங்கள்.

இன்னொரு காரணம் அவசரம். 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமைதான் வந்திருக்கும். அதற்கு முன் காரை ஏற்றக் கூடாது. கனரக வண்டிக்கு 28 நாள். அந்த முதல் 7 நாளும் தளம் நனைந்தே இருக்க வேண்டும், சாம்பல் கலந்த சிமெண்ட் (PPC) என்றால் 10 முதல் 14 நாள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதோ ஈரச் சாக்கோ நல்லது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை குழாய் காட்டுவது நீராற்றல் இல்லை. நடுவில் காய்ந்து போகிறது.

தண்ணீர் தேங்குகிறது, அல்லது வீட்டுப் பக்கம் ஓடுகிறது

வாட்டம் 50-க்கு 1 இருந்தால் நிம்மதி. 5 மீட்டரில் 100 மி.மீ இறக்கம். 100-க்கு 1-க்குக் கீழே போனால் கரணை விட்ட சின்ன அலைகளிலேயே தண்ணீர் நின்றுவிடும். கலவையை ஓரத்தில் தடுத்து நிறுத்தும் ஃபார்ம் பலகை கட்டியதும், கலவை வருவதற்கு முன், தண்ணீர் டியூப் வைத்து நாலு மூலையையும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

சின்னக் குழியை மெல்லிய சாதாரணப் பூச்சால் நிரப்பினால் உரிந்துவிடும். பாலிமர் கலந்த ஒட்டுக் கலவைதான் அங்கே நிற்கும். முழுத் தளமும் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் பூச்சு வேலை செய்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். வாசல் முன் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, கிரில் போட்டு, தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியே விடுவது மலிவு.

கறைகள்

வெள்ளையாகப் பூத்தால் உள்ளிருந்து வந்த சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து காய்ந்தது. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள், பிறகுதான் தண்ணீர். பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். துரு நிறம் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் ஜல்லியிலிருக்கும் இரும்புக் கனிமம், தோற்றக் குறை மட்டும். கோடாக, கம்பி போகும் வழியில் இருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மேல் கான்கிரீட்டைத் தள்ளும். அதைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். திட்டுத்திட்டான நிறம், நீராற்றும்போது பிளாஸ்டிக் தாள் சுருங்கிக் கிடந்த தடம்.

ஒட்டு நிற்க வேண்டுமென்றால்

சரிந்த மெல்லிய ஓரத்தில் எந்த ஒட்டும் நிற்காது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி நேராக, செங்குத்தாகக் குறைந்தது 25 மி.மீ வெட்டி, உள்ளே சத்தம் கணீரென்று வரும் வரை உளியால் எடுங்கள். தூசியை ஊதுங்கள். முதல் நாளே நனைத்து, மறுநாள் ஒட்டும்போது உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. சிமெண்ட் பாலைப் பிரஷ்ஷால் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையை அழுத்துங்கள். பழைய ஜாயின்ட் குறுக்கே போனால் ஒட்டிலும் அதே இடத்தில் வெட்ட வேண்டும், மறந்தால் ஒட்டு ஒரு மாதத்தில் பிளக்கும். வெறுங்கையால் கலவையைத் தொடாதீர்கள். காரம் அதிகம், எரிச்சல் உடனே தெரியாமல் இரவில் புண்ணாகும்.

வெட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கட்டம் மூன்று நாலு துண்டாக உடைந்து, துண்டுகள் தனித்தனியாக ஆடினால் ஒட்டுக்கு வேலையில்லை. முழுத் தளத்தையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் ஜாயின்ட் வரை வெட்டியெடுத்து, கீழ் மண்ணை மறுபடி இறுக்கி, பக்கத்துத் தளத்தில் துளையிட்டு 30 செ.மீ-க்கு ஒன்றாக வழவழப்பான 12 மி.மீ கம்பித் துண்டுகளைச் செருகி, வெளியே நீட்டியிருக்கும் பாதிக்குக் கிரீஸ் தடவி, புதிதாக ஊற்றுங்கள். கிரீஸ் இருந்தால் புதுத் தளம் முன்பின் நகரும். கம்பி இருந்தால் மேல்கீழ் ஆடாது.